கிளாக்ஸோ பேபியும் அமுல் பேபியும்

போன வாரம் பெங்களூரிலிருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது.

"அண்ணா, தாய்ப்பாலோட பவுடர் பாலும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிட்டார் டாக்டர். கடையில போய் நின்னா ஒரு டின்னுக்கும் அடுத்த டின்னுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் இருக்கு. கம்மி விலையில இருக்கறதை எடுத்தா குழந்தைக்குத் துரோகம் பண்ற மாதிரி தோணுதுண்ணா. நீங்க என்ன பண்ணீங்க?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதே கேள்வியோடு நான் வடோதராவில் ஒரு மருந்துக்கடை வாசலில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். போனில் ரெண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அது ரெண்டு வரி சமாச்சாரம் இல்லை. எனவே, மக்களே, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

2007. எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள். வழக்கமாக தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ரெட்டை என்பதால் ரயிலில் முப்பது மணி நேரப் பயணமெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட, தங்கமணிக்கு வடோதராவிலேயே பிரசவம். மாயவரத்திலிருந்து என் அம்மா நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். பிரசவ லேகியம், பூண்டு, பத்தியக் குழம்புப் பொடி என்று ஒரு மூட்டை, கூடவே வெள்ளியில் ஒரு பால் சங்கு.

ரெண்டு பேருக்கும் தாய்ப்பால் போதவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு துண்டுச்சீட்டில் ஒரு விலை உயர்ந்த டின்னின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கினேன். நாலு நாளில் டின் காலி. மறுபடியும் வாங்கினேன். மாசக் கடைசியில் கணக்குப் போட்டால் வீட்டு வாடகையில் மூன்றில் ஒரு பங்கு டின்னுக்கே போயிருந்தது. ஒரே சம்பளம். ஊரில் அப்பாவுக்கு அனுப்ப வேண்டியது, வண்டிக் கடன், எல்லாம் அப்படியே நிற்கிறது.

எதிர் வீட்டு குஜராத்தி மாசி டின்னைப் பார்த்துவிட்டு, "நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஆணந்த் இருக்கு. எங்க வீட்டுப் பசங்க எல்லாம் அமுல் டின்னில்தான் வளர்ந்தாங்க. நீ எதுக்கு இதை வாங்கறே?" என்று கேட்டாள். கேட்டதும் எனக்கு ரோஷம். பணத்துக்காகக் குழந்தை வாயில் மட்டமானதை ஊற்றுவதா? அதே சமயம் மனசுக்குள் ஒரு கேள்வி. மட்டம் என்று யார் சொன்னது?

அன்றைக்குத் தோண்ட ஆரம்பித்ததுதான் இந்தக் கதை. இத்தனை வருஷத்தில் கிடைத்ததை எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

டின் பிறந்த கதை

தாய்ப்பாலுக்கு மாற்றாக ஒன்றைத் தொழிற்சாலையில் செய்ய முடியும் என்ற யோசனைக்கு நூற்றைம்பது வயசு தாண்டிவிட்டது. ஜெர்மானிய வேதியியல் அறிஞர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் 1860-களில் கோதுமை மாவு, மால்ட் மாவு, பசும்பால் எல்லாம் சேர்த்து ஒரு குழந்தை உணவைத் தயாரித்தார். 1867-ல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே என்ற மருந்தாளர் பாலும் மாவும் கலந்த தன் உணவை விற்க ஆரம்பித்தார். இன்றைய நெஸ்லே கம்பெனியின் பெயர் அவருடையதுதான்.

இன்னொரு கதை நியூசிலாந்தில். அங்கே ஜோசப் நேத்தன் கம்பெனி பன்னிதார்ப் என்ற சின்ன ஊரில் பால் பவுடர் செய்தது. அதற்கு வைத்த பெயர் கிளாக்ஸோ. 1906-ல் பதிவு செய்த பெயர். பின்னாளில் பெரிய மருந்துக் கம்பெனியாக வளர்ந்த அந்த கிளாக்ஸோவின் ஆரம்பம் மாத்திரை இல்லை, ஊசி இல்லை, குழந்தைக்கான பால் பவுடர்.

நம் ஊரில் கன்னம் உப்பிய குழந்தையைப் பார்த்து "கிளாக்ஸோ பேபி மாதிரி இருக்கு" என்று பாட்டிமார் சொல்வார்களே, அது இங்கிருந்து வந்ததுதான். கப்பலில் வந்த டின் நம் பேச்சிலும் ஏறிவிட்டது. டின் வாங்க முடிந்த வீடு என்றால் அது வசதியான வீடு. குழந்தை குண்டாக இருப்பதும் அப்பாவின் சம்பளமும் ஒரே வார்த்தையில் அடங்கிப்போயின. 2007-ல் மருந்துக்கடை வாசலில் எனக்கு வந்த ரோஷத்தின் வேர் எங்கே இருந்தது என்று இப்போது புரிகிறது.

சென்னையில் படித்தவர் ஆணந்தில் மாட்டிக்கொண்டார்

இனி மாசி சொன்ன ஆணந்துக்கு வருவோம்.

கேடா மாவட்ட விவசாயிகள் தனியார் பால் வியாபாரிகளுக்கு எதிராகச் சேர்ந்து 1946 டிசம்பரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். தலைவர் திரிபுவன்தாஸ் படேல். 1949 மே மாதம் வர்கீஸ் குரியன் ஆணந்துக்கு வந்து இறங்கினார். கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்ததற்கு ஈடாக, அரசு சொல்கிற இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம். அதனால்தான் ஆணந்த். எப்போது ஒப்பந்தம் முடியும், எப்போது கிளம்பலாம் என்றுதான் முதலில் இருந்தார். கடைசியில் 2012-ல் அவர் காலமாகும் வரை அந்த வட்டாரத்தை விட்டு நகரவில்லை. வேலைக்காக வந்த ஊரில் வேர் பிடித்துவிட்ட நம்மைப் போன்ற ஆசாமிதான். நம்மைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சாதித்துவிட்டார், அவ்வளவே!

சங்கத்துக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. குளிர்காலத்தில் எருமைகள் கறக்கும் பால் கோடையில் கறப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பம்பாய் அவ்வளவையும் வாங்காது. மிச்சப் பாலை என்ன செய்வது? பவுடராக்கி வைத்தால் கெடாது. ஆனால் அந்தக் காலத்து வெளிநாட்டு நிபுணர்கள், எருமைப் பாலைத் தெளித்து உலர்த்திப் பவுடராக்க முடியாது என்று அடித்துச் சொன்னார்கள். அவர்கள் ஊரில் எருமை ஏது? பசும்பால்தான் தெரியும்.

குரியனின் நண்பர் எச்.எம். தலாயா, பால் தொழில்நுட்பம் படித்தவர். முடியும் என்றார், செய்தும் காட்டினார். யுனிசெஃப் இயந்திர உதவி செய்ய, 1955 அக்டோபர் 31 அன்று ஆணந்தின் புதுப் பால் பண்ணைத் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். உலகிலேயே முதல்முறையாக எருமைப் பாலிலிருந்து அந்த முறையில் பவுடர் வந்தது இங்கேதான்.

மைசூரில் ஒரு மாளிகை

பவுடர் வந்துவிட்டது. ஆனால் அதைக் கைக்குழந்தைக்குக் கொடுக்க முடியாது. ஏன்?

தாய்ப்பாலில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். பசும்பாலில் மூன்றுக்கு மேல், எருமைப் பாலில் இன்னும் கூடுதல். கொழுப்பும் எருமைப் பாலில் ஏறத்தாழ ஏழு பங்கு. அதோடு கேசின் என்ற புரதம் அதிகம் இருப்பதால் எருமைப் பால் வயிற்றுக்குள் போய் கெட்டிக் கட்டியாகத் திரளும். நல்ல எருமைத் தயிரைக் கத்தி வைத்து அறுக்கலாம் என்போமே, அதே கெட்டி. நமக்கு ருசி. பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அது கல்.

இந்த முடிச்சை அவிழ்த்தது மைசூர். செலுவாம்பா மாளிகையில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். அங்கே இருந்த விஞ்ஞானிகள் 1950-களில் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பைக் குறைப்பது, பாலின் உப்புச் சமநிலையை மாற்றி வயிற்றில் திரளும் கட்டியை மெதுவாக்குவது, சர்க்கரையும் வைட்டமின்களும் சேர்ப்பது, பிறகு உலர்த்துவது. சொல்லும்போது ரெண்டு வரி. ஆனால் அதுவரை உலகத்தில் இந்த வேலையைச் செய்து பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

1957-58-ல் நாட்டில் கடுமையான அந்நியச் செலாவணி நெருக்கடி. குழந்தை உணவையும் கப்பலில்தான் இறக்கிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் மைசூரின் செய்முறையை ஆணந்து எடுத்துக்கொண்டது. 1960-களின் தொடக்கத்தில் அமுல் குழந்தை உணவு கடைக்கு வந்தது. கேடா மாவட்டத்தில் ரெண்டு எருமை வைத்திருந்த ஒரு பெண்மணி காலையில் சங்கத்தில் ஊற்றிய பால், மைசூர் விஞ்ஞானியின் மூளை வழியாக, மாயவரத்துக் குழந்தையின் சங்குக்கு வந்து சேர்ந்தது.

நம் பேச்சிலும் மாற்றம் வந்தது. கிளாக்ஸோ பேபி மெல்ல மெல்ல அமுல் பேபி ஆகிப்போனான்.

அம்மா சொன்ன கணக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு நாள் ராத்திரி அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பிள்ளையைத் தட்டிக்கொண்டே ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள்.

அது 1974. என் அக்கா கைக்குழந்தை. அம்மாவுக்கு டைபாய்டு வந்து பால் நின்றுவிட்டது. 60-களிலும் 70-களிலும் குழந்தை உணவு டின்னுக்கு இருந்த தட்டுப்பாடு அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். டின் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்பா கும்பகோணம் வரை பஸ்ஸில் போய், தெரிந்தவரைப் பிடித்து ஒரு டின் வாங்கி வருவார். அடுத்தது எப்போது என்று தெரியாது. கையில் காசும் இல்லை.

"டின்னுல மூணு ஸ்பூன்னு போட்டிருந்தா நான் ரெண்டு போடுவேன்டா. சில நாள் ஒண்ணரை. தண்ணிய ஜாஸ்தி ஊத்துவேன். குழந்தை குடிச்சுட்டுத் தூங்கிடும். வயிறு ரொம்பிடுத்துன்னு நெனைச்சேன். ரெண்டு மாசத்துல கை காலெல்லாம் சூம்பிப் போச்சு. டாக்டர் என்னைப் பார்த்து, பால் குடுக்கறியா தண்ணி குடுக்கறியான்னு கேட்டார். உங்க அப்பாகிட்ட நான் இதுவரைக்கும் சொன்னதில்லை."

அக்கா தேறிவிட்டாள். இன்று அவளுக்கே பேரன் இருக்கிறான். ஆனால் முப்பத்துமூன்று வருஷமாக அம்மா அந்த ஒன்றரை ஸ்பூனைச் சுமந்துகொண்டிருந்தாள்.

அம்மா மட்டும் இல்லை. உலகம் முழுக்க ஏழை வீடுகளில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. 1939-லேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர், தாய்ப்பாலுக்குப் பதில் டின் பாலைத் தள்ளிவிடுவதைக் கொலைக்குச் சமம் என்று மேடையிலேயே பேசினார். அக்கா பிறந்த அதே 1974-ல் இங்கிலாந்தில் ஒரு தொண்டு நிறுவனம் 'பேபி கில்லர்' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டது. ஏழை நாடுகளில் கம்பெனிகள் டின் பாலை விளம்பரம் செய்து பரப்ப, வாங்க முடியாத தாய்மார்கள் தண்ணீர் கலந்து நீட்டுகிறார்கள், அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை, குழந்தைகள் சாகின்றன என்று அது சொன்னது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதார சபை, தாய்ப்பால் மாற்றுகளை விற்பதற்கான நெறிமுறைகளை 118 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றியது. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு அமெரிக்கா.

இந்தியா 1983-ல் தனக்கென்று ஒரு நெறிமுறை வகுத்தது. 1992-ல் அதைச் சட்டமாக்கி, 1993 ஆகஸ்டில் அமலுக்குக் கொண்டுவந்தது. 2003-ல் இன்னும் இறுக்கியது. இதன்படி இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் கிடையாது, இலவச மாதிரி கிடையாது, தள்ளுபடி கிடையாது. டின் மேல் தாய் படமோ குழந்தை படமோ போடக்கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று எழுதியே ஆக வேண்டும். அந்தக் காலத்து டின்களில் கொழுகொழுவென்று சிரித்த பாப்பாக்கள் எங்கே போனார்கள் என்று யோசித்ததுண்டா? சட்டம்தான் இறக்கி விட்டது.

அமெரிக்க மச்சினனின் கடை டின்

நியூஜெர்சியில் இருக்கும் என் மச்சினன் தன் பையனுக்கு சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் வரும் டின்னைத்தான் வாங்கினான். கேட்டபோது, "மாமா, விளம்பரக் காசு இல்லாத டின் இது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான்.

அவன் அவ்வளவு தைரியமாகச் சொன்னதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. 1978-ல் அங்கே ஒரு கம்பெனி தன் சோயா பால் உணவின் செய்முறையை மாற்றி உப்பைக் குறைத்தது. குளோரைடு சத்துப் பற்றாமல் 1979-ல் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் நோயில் விழுந்தன. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள் விடாமல் போராடினார்கள். 1980-ல் குழந்தைப் பால் உணவுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. என்னென்ன சத்து, குறைந்தபட்சம் எவ்வளவு என்பது எல்லா டின்னுக்கும் பொது. பெரிய பெயரோ கடைப் பெயரோ, அந்தக் கோட்டுக்குக் கீழே யாரும் இறங்க முடியாது. பல கடைகளின் சொந்த டின்களை பெர்ரிகோ என்ற ஒரே கம்பெனிதான் செய்து கொடுக்கிறது.

விலை குறைந்தது நல்லதாகவும் இருக்கலாம், ஆனால் கோடு போட்டுக் காவல் காக்க ஒருவர் இருக்கும் வரைதான். காவல் தூங்கினால் என்ன ஆகும் என்பதை 2008-ல் சீனாவில் பார்த்தோம். புரதம் அதிகம் இருப்பதாகக் காட்ட பாலில் மெலமைன் கலந்தார்கள். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன, ஆறு குழந்தைகள் இறந்தன. அதில் சிக்கியது ஊர் பேர் தெரியாத கம்பெனி அல்ல, அந்த நாட்டின் முன்னணிப் பெயர்களில் ஒன்று. அதாவது, பெரிய பெயர் என்பதும் காவல் ஆகாது.

நம் நாட்டில் கடைகளின் சொந்தப் பெயரில் பருப்பு, அரிசி, டயப்பர் வரைக்கும் பார்த்திருக்கிறேன், கைக்குழந்தைப் பால் பார்த்ததில்லை. நமக்கு அந்த இடத்தில் இருந்தது கூட்டுறவு டின். கோடும் இருந்தது. குழந்தைப் பால் உணவுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை நீண்ட காலம் கட்டாயமாக இருந்தது. 2020-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் குழந்தை உணவுக்கென்றே தனி விதிகளையும் கொண்டுவந்தது.

கடைசியில் என்ன செய்தேன்

மாசி சொன்னதையும் படித்ததையும் எடுத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனேன். துண்டுச்சீட்டைக் காட்டினேன். அவர் சிரித்தார். "உன் குழந்தைகளுக்கு எடை சரியாக ஏறுகிறது. விசேஷக் குறை எதுவும் இல்லை. முதலில் தாய்ப்பால், போதாததற்கு மட்டும் டின். கூட்டுறவு டின்னே போதும். மிச்சமாகும் காசில் உன் மனைவிக்கு நல்ல சாப்பாடு போடு. புட்டி வேண்டாம்" என்றார். அம்மாவின் வெள்ளிச் சங்குக்கு அன்று மரியாதை கூடியது.

டின்னை மாற்றினேன். மாசம் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் மிச்சம். 2007-ல் எங்களுக்கு அது பெரிய காசு.

முதல் நாள் ராத்திரி ரெண்டு மணி. சமையலறையில் கொதித்து ஆறிய தண்ணீரில் நான் பவுடரைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பூனைக் கத்தியால் மட்டம் தட்டித் தட்டிப் போடும்போது பின்னால் சத்தம். அம்மா எழுந்து வந்து நின்றிருந்தாள். என் கையையே பார்த்துக்கொண்டு மெதுவாக எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு." மூணு வந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஊருக்குப் போகும் வரை ஒரு நாள் தவறாமல் எண்ணினாள்.

தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன். விலை குறைந்த டின்னை வாங்குவது துரோகம் இல்லைடா. டின்னில் சொன்ன அளவை மட்டும் குறைக்காதே. மிச்சம் பிடிக்கிற இடம் கடை, சங்கு இல்லை.

பி.கு: டீ, காபிக்குப் போடும் பால் பவுடர் வேறு, குழந்தைப் பால் உணவு வேறு. ஒரே கம்பெனி பெயர் இருந்தாலும் மாற்றி வாங்கிவிடாதீர்கள். டின்னில் எத்தனை மாசக் குழந்தைக்கு என்று போட்டிருக்கும், தேதியோடு சேர்த்துப் பாருங்கள். டின் மாற்றும் முன்பு உங்கள் குழந்தை டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குறைமாதக் குழந்தை, ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் கணக்கே வேறு. காலி டின்னைத் தூக்கிப் போடாதீர்கள், சாமான் போட்டு வைக்க நல்ல டப்பா. எங்கள் வீட்டில் 2007 டின் இன்னும் இருக்கிறது!